பெட்டி மேல் கிடந்த சீட்டு

உத்தனப்பள்ளியில் எங்கள் டீக்கடை இருந்த இடம் பண்ணைக்காரருடையது. வாய்ப்பேச்சில் கொடுத்தது, வாய்ப்பேச்சிலேயே பிடுங்கிக்கொள்ளலாம். இரண்டாவது பொதுத்தேர்தலில் அவர் கட்சியை எதிர்த்து நின்ற கட்சிக்கு வாக்குச்சாவடியில் ஏஜென்டாக உட்கார ஊரில் ஆளே கிடைக்கவில்லை. ஒற்றைக் கை தட்டினால் ஓசை வராது, எதிராளி என்று ஒருவன் வேண்டும் என்று டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான். பேசின வாய் சும்மா இருக்குமா? போய் உட்கார்ந்தேன். அன்று காலை என் மனைவி, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை அடுப்பிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

என் பக்கத்தில் அவர்கள் கட்சி ஏஜென்ட், பண்ணைக்காரரின் மச்சினர். தன் ஆட்களோடு தெலுங்கு, என்னோடு தமிழ். "டீ ஆத்தற கை இங்க என்னாத்த ஆத்தப் போவுது?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சின்னம் ஒட்டிய பெட்டிகள் மறைவுக்குள் இருக்கும். வேண்டிய பெட்டிக்குள் வாக்குச்சீட்டைப் போடவேண்டும். சாமி முன்னால் வெற்றிலை வைத்துப் பழகிய கை எங்கள் ஜனத்துக்கு. சிலர் சீட்டைப் பெட்டி மேலேயே வைத்து, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

மத்தியானம் மறைவுக்குள் போய்ப் பார்த்த வாக்குச்சாவடி அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பண்ணைக்காரர் கட்சிப் பெட்டியின் மேல் ஒரு சீட்டு.

"எங்க பெட்டி மேலதான கெடக்குது, உள்ள தள்ளுங்க சார்" என்ற மச்சினர், என் பக்கம் திரும்பி மெதுவாக, "என்னா கடைக்காரரே, சரிதான?" என்றார்.

கடை என்பதில் ஓர் அழுத்தம். அதிகாரியும் என்னையே பார்த்தார். தலையை ஆட்டினால் முடிந்தது. ஆனால் இன்று ஒன்றைத் தள்ள விட்டால், மறைவுக்குள் போகிறவர் எந்தச் சீட்டை எங்கே நகர்த்தினாலும் அப்புறம் கேட்க வாயிருக்காது.

"வேணாங்க. யாரு வெச்சது, யாரு நவுத்துனதுன்னு நமக்குத் தெரியாது." அதிகாரி அதைக் கணக்கில் சேர்க்காமல் தனியே ஓர் உறையில் போட்டுவிட்டார்.

பொழுது சாயும் நேரம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சீட்டு கிடந்தது எங்கள் பெட்டி மேல். மச்சினர் கையைக் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்த்தார். மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே, அதற்குத்தான் காத்திருந்தார். எந்தக் கூலிக்காரர் பயந்து பயந்து வைத்த சீட்டோ.

"இதுவும் வேணாங்க" என்றேன்.

மறுநாள் காலை பண்ணைக்காரரே கடைக்கு வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். தட்டிக்குப் பின்னால் மனைவி பாத்திரங்களைக் கூடையில் அடுக்கத் தொடங்கிவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர் பாதி டீ குடித்தார்.

"எங்க பெட்டிச் சீட்டையும் வேணான்னியாம், உங்க பெட்டிச் சீட்டையும் வேணான்னியாம்."

"ஆமாங்க."

மீதி டீயையும் குடித்து, தலையை அண்ணாந்து பார்த்தார். "கூர மக்கிப் போச்சேப்பா. மழைக்கு முன்ன மாத்திக்க."

துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். தட்டிக்குப் பின்னால், அடுக்கின பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கூடையிலிருந்து கீழே இறங்கின.