கவிழ்த்துப் பாவிய கற்கள்

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டின் பக்கவாட்டில், கேட்டிலிருந்து துணி உலர்த்தும் கொடி வரை, கருங்கல் பலகைகள் பாவிய ஒரு நடைபாதை இருந்தது. இருபுறமும் அப்பாவின் செடிகள்: செம்பருத்தி, மருதாணி, துளசி, காய்க்க மறுக்கும் ஓர் எலுமிச்சை. நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அப்பா ஆள் வைத்துப் பாவிய பாதை அது. பாவிய நாள் முதலே அது ஒழுங்காக இருந்ததில்லை. கல்லின் மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும். மழை பெய்தால் குழிகளில் நீர் தேங்கும். ஒரு முனையில் கால் வைத்தால் மறுமுனை எழும்பும். சென்ற ஐப்பசி மழையில் அடிமண் கரைந்து இரண்டு கற்கள் விரிசல் விட்டன. ஈரத்துணி வாளியோடு போன அம்மா அவற்றில் ஒன்றில் இடறி விழுந்து, கணுக்கால் வீங்கிப் படுத்தார்.

பாதையைப் பெயர்த்துச் சீர்செய்தே ஆகவேண்டும் என்று நான் வாதாடினேன். அப்பா மறுக்கவும் இல்லை, இசையவும் இல்லை. "பாப்போம், பாப்போம்" என்றே நாளைக் கடத்தினார். எதிர்வாதம் வைக்காத ஒருவரை வெல்வது எளிது. கொத்தனாருக்கு நானே போன் செய்தேன்.

நான் பட்டிமன்றப் பேச்சாளர். எதிரணியின் வாதத்தில் இற்றுப்போன இழை எது என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் திறமையில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துக்கொள்ளும் பணிவு எனக்கு இருந்ததில்லை. அந்தப் பெருமையை ஊட்டி வளர்த்தவர்கள் இருவர். ஒருவர் அப்பா. மற்றவர் எதிர்வீட்டுப் பெரியப்பா.

பெரியப்பா எங்களுக்கு உறவினர் அல்லர். அப்பா வேலை பார்த்த பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்கு அவர் அண்ணாச்சி. அதனால் எனக்குப் பெரியப்பா. மனைவியை இழந்து தனியாக வாழ்கிறார். எங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழை முதலில் படிப்பவர் அவர்தான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பேசும் நாள்களில் இருவரும் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். நடுவர் எங்கள் அணிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டால், இராஜபாளையம் வந்து இறங்கும் வரை பெரியப்பாவின் வசவு ஓயாது.

"அந்தாளுக்குக் காது கேக்காதுட்டி. கேட்டிருந்தா இப்படித் தீர்ப்புச் சொல்லுவானா?"

கொத்தனாரும், சித்தாளாக வேலை செய்யும் அவர் மனைவியும் சுந்தரபாண்டியத்திலிருந்து டூவீலரில் வந்தார்கள். சிமெண்ட் போதாது என்று தெரிந்ததும் அப்பா கடைக்குக் கிளம்பினார். கேட்டைத் தாண்டியவர் திரும்பி வந்து, "ஒடஞ்சதை மட்டும் எடுங்க. மத்ததை அசைக்காண்டாம்" என்று கொத்தனாரிடம் சொன்னார். முன்பே சொன்னதுதான், மறுபடியும் சொன்னார். பெரியப்பா வழக்கம்போல் செம்பருத்தி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மேற்பார்வைக்கு அமர்ந்தார்.

கொத்தனார் ஒரு கல்லின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாரு செஞ்ச வேலை இது? மூஞ்சியை மண்ணுல பொதச்சு முதுகை மேல காட்டி வச்சிருக்கு. அம்புட்டும் கவுந்து கெடக்கு. பொறவு ஆடாம என்ன செய்யும்?"

"இவரு பெரிய மட்டம்" என்றார் அவர் மனைவி. "எங்க வீட்டுக் குளியலறையில தண்ணி வாசப்பக்கமா ஓடுது. அதுவும் இவரு போட்ட தரைதான்."

பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப எல்லாத்தையும் பொரட்டிப் போட்டுருங்க. நல்ல பக்கம் கீழதான இருக்கு?"

"அப்பா வேண்டாமின்னாரே, பாப்பா."

"அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

கடப்பாரை நெம்பியதும் முதல் கல் புரண்டது. சித்தாளம்மா மண்ணைத் துடைப்பத்தால் தேய்த்து நீரூற்ற, வழுவழுப்பான முகத்தில் எழுத்துகள் தெரிந்தன. யாரோ ஒரு பலசரக்குக் கடைக்காரர் பெயரும், அதன்கீழ் 'உபயம்' என்ற சொல்லும். இரண்டாவது கல்லையும் கழுவினார்கள். அண்மையில்தான் முதியோர் வகுப்பில் படிக்கக் கற்றிருந்த அந்த அம்மா, கிடைத்த எழுத்தை விடக்கூடாது என்ற ஆசையில், அதை உரக்க எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு பெண்ணின் பெயர். பிறகு, "நினைவாக... கணவர்... உபயம்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழும் ஓசை கேட்டது. வாசிக்கப்பட்ட பெயர் பெரியப்பாவின் மனைவி பெயர்.

எங்கள் தெருமுனையில் ஒரு பஜனை மடம் உண்டு. அதன் தரையில் முன்பு கருங்கல் பாவியிருந்தார்கள். கல் வாங்கித் தந்தவர்களின் பெயர்களை அவற்றில் பொறித்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் ஒட்டினார்கள். அந்தத் திருப்பணிக் குழுவில் அப்பாவும் இருந்தார். தன் மனைவியின் கல்லை மட்டுமாவது கொடுங்கள் என்று பெரியப்பா கேட்டு வந்ததையும், "எல்லாம் ஒடஞ்சு, இடிச்ச மண்ணோட லாரியில போயிருச்சு அண்ணாச்சி" என்று அப்பா சொன்னதையும் அம்மா ஒருமுறை போனில் என்னிடம் சொல்லியிருந்தார். அந்த வாக்கியம் எனக்கே நினைவிருந்தது. பெரியப்பா எப்படி மறந்திருப்பார்?

அப்போதுதான் அப்பா வந்தார். மொபெட்டின் முன்னால் சிமெண்ட் மூட்டை. ஒரு காலை ஊன்றியபடி, எஞ்சினை அணைக்கக்கூட மறந்து, கழுவிக் கிடந்த கல்லையும் அதன் அருகே நின்ற நண்பரையும் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"அண்ணாச்சி..." என்று தொடங்கினார்.

அவர் முடிக்கும்முன் நான் பேசத் தொடங்கினேன்.

யாரும் என்னை அழைக்கவில்லை. ஆனால் என் அணி நிலைகுலைந்து நிற்கிறது என்று என் மூளை கண்டுகொண்டுவிட்டது. நா தானாக எழுந்துவிட்டது. அந்தக் கற்கள் வேண்டாம் என்று கழிக்கப்பட்டவை என்றேன். அப்பா எடுத்திராவிட்டால் அவை உண்மையிலேயே லாரியில் போய் எங்கோ பள்ளம் நிரப்பியிருக்கும் என்றேன். பிறகு, அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றிய, தோன்றியதில் எனக்கே வியப்பளித்த ஒரு வாதத்தை வைத்தேன்.

"யோசிச்சுப் பாருங்க பெரியப்பா. கல்லை ஏன் கவுத்துப் போட்டிருக்காரு? பேரை மிதிக்கக் கூடாதுன்னுதான. மடத்துல இருந்தவரைக்கும் ஊரே பெரியம்மா பேரை மிதிச்சுச்சு. எங்க வீட்டுக்கு வந்த பொறவுதான் ஒருத்தர் கால்கூட அது மேல படலை."

குரலை எங்கே இறக்கி எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினேன். மேடையாக இருந்திருந்தால் கைதட்டல் எழுந்திருக்கும்.

பெரியப்பா என்னையே பார்த்தார்.

"மிதிக்கணும்னுதான் தாயி அங்க போட்டது" என்றார். "கடைசியில ரெண்டு காலும் விழுந்து கெடையாக் கெடந்தா. மார்கழி முச்சூடும் மடத்துப் பாட்டுச் சத்தம் வீட்டுக்குள்ள கேக்கும், போக முடியாது. அவ போன பொறவு, அடியாருக கால் தூசியாவது அவ பேர் மேல படட்டும்னு அந்தக் கல்லை வாங்கிப் போட்டேன்."

மொபெட் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"நல்லா பேசுத" என்றார். அதில் ஏளனம் இல்லை. அது இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

நான் வெட்கம் என்ற சொல்லை மேடைகளில் எத்தனையோ முறை ஆண்டிருக்கிறேன். 'வெட்கித் தலைகுனிய வேண்டாமா' என்று எதிரணியைக் கேட்பது என் வாடிக்கை. தலை உண்மையாகவே குனியும்போது பிடரியில் ஒரு சூடு ஏறும் என்பதும், காலடியில் கிடக்கும் மண்வெட்டியின் பிடியில் எத்தனை கீறல்கள் என்பதுவரை கண்ணுக்குத் தெரியும் என்பதும் எனக்கு அன்றுவரை தெரியாது.

அப்பா எஞ்சினை அணைத்தார்.

"யாருட்டி உன்னப் பேசச் சொன்னா?" குரல் தாழ்ந்திருந்தது. "நல்ல கல்லு வீணாப் போகுதேன்னு எடுத்தாந்தேன். ஊரார் பேரு வெளிய தெரியாண்டாம்னு கவுத்துப் பாவி முடிச்ச பொறவுதான் அவரு கேட்டு வந்தாரு. பேத்துக் குடுக்க வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு பொய்யைச் சொல்லிட்டேன். இம்புட்டு நாளும் அதை முழுங்கிக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கு 'தப்பு'ன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். நீ விட்டியா?"

உள்ளே கட்டிலில் காலை நீட்டியிருந்த அம்மா ஜன்னல் வழியே, "அவளை மட்டும் ஏன் வையுறீக?" என்றார். "அவ வாயைத் தொறந்தாப் போதும்னு பஸ்ஸேறிப் போயிக் கைதட்டுனது யாரு? நீங்க ரெண்டு பேருந்தான்."

அன்று மாலை அப்பா எதிர்வீட்டுக்குக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ வராண்டாம்" என்றார்.

ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்பா படியேறவில்லை, கீழேயே நின்று பேசினார். நீளமாகப் பேசியதாகத் தெரியவில்லை. பெரியப்பா கதவுநிலையைப் பிடித்தபடி கேட்டார். பிறகு அவர் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை நின்றபடியே குடித்தார். திரும்பி வந்தவர் திருப்பணிக் குழுத் தலைவருக்குப் போன் செய்தார். மடத்துக்குள் டைல்ஸைப் பெயர்க்க முடியாது. ஆனால் செருப்பு விடும் இடத்தைத் தாண்டி, படிக்கட்டுக்கு முன்னால் வெறும் மண்தரை இருக்கிறது. பெயர் பொறித்த கற்களை அங்கே பாவிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எங்கள் தோட்டத்துக்குச் சிமெண்ட் பலகைகள் சொல்லி அனுப்பினோம்.

மறுநாள் கற்கள் தள்ளுவண்டியில் மடத்துக்குப் போயின. நான் ஒரு முனையைப் பிடித்து இறக்கினேன். விரல் நசுங்கியதைச் சொல்லவில்லை. கொத்தனார் மண்ணைத் திமிசால் இடித்து இறுக்கி, எம்-சாண்ட் பரப்பி, ஒவ்வொரு கல்லாக வைத்தார். எழுத்துகள் மேல் நோக்கியிருந்தன. பெரியம்மாவின் கல்லை முதல் படிக்கு நேர் எதிரே வைக்கச் சொன்னார் அப்பா.

"கெழக்கால ஒரு நூல் அளவு தூக்குதே" என்றார் பெரியப்பா. "ஏப்பா, கவனிச்சு வைக்கச் சொல்லு. அவ கல்லு ஆடப்படாது."

அப்பா உடனே குந்தி உட்கார்ந்து ஓரத்தில் மணலைத் திணித்தார். பெரியப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் குனிந்து பார்த்தார். இருவருக்குமிடையே அந்த விவகாரம் அத்தோடு முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

கொத்தனார் எழுந்து கையைத் தட்டினார். "யாராச்சும் ஏறி மிதிச்சுப் பாருங்க. ஆடுதான்னு தெரியணும்."

பெரியப்பா நிமிர்ந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மொதல்ல மிதிங்க" என்றார்.

நான் தவழ்ந்த காலத்திலிருந்து அவருக்கு நான் 'நீ'. கோபம் வந்தால் 'ஏட்டி', பாசம் வந்தாலும் 'ஏட்டி'. ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையிலிருந்து சால்வையோடு இறங்கி வந்தபோதும் அப்படித்தான் அழைத்தார். இப்போது, ஊருக்கு வந்த சொற்பொழிவாளருக்கு வழிவிடுவது போல ஒதுங்கி நின்று, மரியாதையாகக் கையைக் காட்டினார். அப்பாவும் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு மணல் படிந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின்மேல் ஏறினேன். வெயிலில் அது சுட்டது. பெயரின் முதல் எழுத்து உள்ளங்காலில் உறுத்தியது. கல் ஆடவில்லை.

"சரியா இருக்குதுங்களா?" என்று பெரியப்பா கேட்டார்.

'நீ' என்றே கூப்பிடுங்கள் என்று அவரிடம் கேட்கவேண்டும். மூன்றே சொற்கள். தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கி வந்தேன்.