அவள் சொல்லாத பேர்

“...மூணு கொழந்தை பெத்திருக்கா, ஆம்படையான் பேர் மட்டும் தெரியலையாம்! இதை நான் துரைகிட்ட போய் எப்படிங்காணும் சொல்றது?” என்று விசா ஆபீஸ் தலைமை குமாஸ்தா, வராந்தாவில் நின்ற என்னை ஜன்னல் வழியாகக் கேட்டார்.

முப்பதுகளின் நடுவில், ஒரு ஆடி மாதம் அது. சாந்தோமில் மீனவர் குப்பத்தை ஒட்டிக் குடியிருந்தோம். அதற்கு முன் நான் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் துணிக்கடையில் வேலை பார்த்தவன். அந்த ஊர்ப் பெண்ணையே மாதா கோயிலில் கைப்பிடித்து அழைத்து வந்தேன். அங்கே தந்த பிரெஞ்சுக் கல்யாணக் காகிதத்தை இங்கே ஒப்புக்கொள்கிற வரைக்கும் அவள் அந்நிய தேசத்தாள்தான். வருஷா வருஷம் விசாவைப் புதுப்பித்தாக வேண்டும். அந்தத் தடவை கெடு மறுநாளோடு முடிகிறது. தவறினால் புதுச்சேரியிலிருந்து புறப்படும் கப்பலில் அவளை ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், அவர்கள் போக வேண்டாமாம். கடைக்குட்டிக்கு ஆறு மாசம். தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் இறங்காது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஒரு மாதமாக ஆழம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இன்ன காகிதம் இல்லை, இன்ன முத்திரை இல்லை என்று ஆபீசுக்கு நடந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அவளையே நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். கப்பல் பேர், வந்த தேதி, தகப்பனார் பேர் என்று எல்லாவற்றையும் பத்து நாள் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ராத்திரி தூக்கத்தில்கூட ஒப்பித்தாள், பாவம்.

அன்று காலை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு லஸ்ஸில் டிராம் ஏறினோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு மீன்கார அக்காவும், கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூட வந்தாள். என் மனைவிக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தவளே அவள்தான்.

குமாஸ்தா மயிலாப்பூர்க்காரர். கறாரான மனுஷர். பொய்க் கல்யாணம் சொல்லி யாரோ முன்பு ஏமாற்றிவிட்டார்களாம். அதனால், “நீர் வெளியிலே நில்லும், அவளே சொல்லட்டும்” என்றுவிட்டார். ஒவ்வொரு பதிலையும் எழுதியதும் உரக்கப் படித்துச் சரிபார்ப்பது அவர் வழக்கம். கப்பல் பேரைப் படித்தார். தேதியைப் படித்தார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து, “புருஷன் பேர்?” என்றார்.

அவள் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். முந்தானை நுனியைத் திருகினாள். குழந்தை வீறிட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொல்லேன், சொல்லேன் என்று தவித்தேன். குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பி என்னைக் கேட்டபோது, என் மூத்த பையனைக் கேளுங்கள் என்றேன். “கொழந்தைகளுக்குச் சொல்லிக் குடுத்து அழைச்சுண்டு வந்துடலாமே” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். போச்சு, கப்பல்தான் என்று நினைத்தேன்.

அப்போது அவளே மெல்ல வாயைத் திறந்தாள். “தெரியும் சாமி. சொல்ல மாட்டேன். சொன்னா அதுக்கு ஆயுசு கொறஞ்சிடும்.”

அச்சு அசல் எங்கள் குப்பத்துத் தமிழ்! குமாஸ்தா திகைத்துப்போனார். மீன்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

“இன்னா சாமி, பொஞ்சாதியா இல்லியான்னு இன்னும் சந்தேகமா? எம்புருசன் கடல்ல போய்ப் பத்து வருசம் ஆவுது, இன்னிக்கும் அது பேர நான் சொன்னதில்ல. உங்கூட்டு அம்மா உன் பேரச் சொல்வாங்களா, கேட்டுப் பாரேன்!”

வாசலில் நின்ற சேவகன் களுக்கென்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். குமாஸ்தா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அங்கவஸ்திரத்தால் ரொம்ப நேரம் துடைத்தார்.

நானோ வெளியே வெட்கி நின்றேன். சைகோனில் நாள் பூராவும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவள் அவள். இங்கே வந்தபின் எந்த நாளில் அதை நிறுத்தினாள்? எனக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான் போலிருக்கிறது. அவளை இந்த ஊர்க்காரி என்று நிரூபிக்க ஊரெல்லாம் காகிதம் தேடி அலைந்தேனே, அவள் எப்போதோ ஆகிவிட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

குமாஸ்தா என்னைக் கைகாட்டி, “அவர்தானா?” என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். பேனாவை மையில் தோய்த்தார். காகிதங்களில் இருந்த என் பேரைப் பார்த்து அவரே எழுதினார்.

இன்றைக்கும் யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு அந்த மனுஷர் ஞாபகம்தான் வருகிறது: எழுதின ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கிற அவர், அந்த ஒரு வரியை மட்டும் அவள் காதில் விழும்படி படிக்காமல், ஈரம் காய ஊதிக்கொண்டே துரையின் கையெழுத்துக்கு எடுத்துப் போனார்.