சாரோம்மாபி படகில் குடியேறினாள்

எங்கள் தீவில் வீடு பெண்ணுடையது. அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் தன் சகோதரி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இருட்டியதும் மனைவி வீட்டுக்கு வருவான், விடிந்ததும் திரும்பிப் போவான். என் பக்கத்து வீட்டு சாரோம்மாபியின் புருஷன் பூக்கோயாவும் முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் வந்து போனான். அவளும் நாலு பிள்ளை பெற்றாள், கயிறு திரித்தாள், ஆடு வளர்த்தாள், ஊரில் ஒருத்தரையும் விடாமல் திட்டினாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லாத வாழ்க்கை, கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெருநிலத்திலிருந்து, மார்க்கம் சொல்லித்தர ஒரு புது உஸ்தாது கப்பலில் வந்து இறங்கும்வரை.

அவர் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், "பொண்டாட்டி புருஷன் வீட்டுல இருக்கணும். அதுதான் மார்க்கம். நீங்க செய்யுறது வெறும் பழக்கம்" என்று பேசிவிட்டார். பூக்கோயா தொழுகை முடிந்த கையோடு சாரோம்மாபி வாசலில் வந்து நின்றான்.

"மூட்டையக் கட்டு. என் வீட்டுக்கு வா. இல்லன்னா தலாக்குதான்."

அவள் என்னிடம் ஓடி வந்தாள். "பேரப்பிள்ளை எடுத்த வயசுல தலாக்கும் வாங்க மாட்டேன், எங்கம்மா குடுத்த வீட்டயும் விடமாட்டேன். என்னடி செய்ய?"

"போய்த்தான் பாரேன்" என்றேன். பூக்கோயாவின் தங்கச்சி ஹலீமாபியை எனக்குத் தெரியும்.

பாய், சட்டி, ஒரு ஆடு. மூன்றோடும் கிளம்பினாள். நானும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். ஹலீமாபி வாசலை மறித்தாள்.

"எங்க மதினி, ஆட்டோட?"

"என் புருஷன் வீட்டுக்கு."

"அப்படி ஒரு வீடு இந்தத் தீவுல இருந்தா எனக்கும் காட்டு. இது என் வீடு. இவரு இங்க சோத்துக்கு வர்றவரு."

பூக்கோயா வாயைத் திறந்தபடி நின்றான். தனக்கு வீடே கிடையாது என்பதை மனுஷன் மறந்தே போயிருக்கிறான்.

"நீ உன் புருஷன் வீட்டுக்குப் போயேன்" என்று தங்கச்சியிடம் இழுத்தான்.

"அது என் நாத்தனார் வீடு. அவ எங்க போவா? தீவே மூட்டை தூக்கணுமா?"

சாரோம்மாபி அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குன்னு என்னதான் இருக்கு?"

"ஏன், படகு இருக்கு!" என்றான் ரோஷமாக.

அவ்வளவுதான். கரையில் நின்ற படகில் ஏறிப் பாயை விரித்துவிட்டாள். சூரை மீன் கூட்டங்கூட்டமாக வரும் மாதம் அது. மறுநாள் காலை தூண்டிலோடு வந்த படகாட்கள் எட்டுப் பேரையும் பார்த்து, "புருஷன் வீடுப்பா. கால் கழுவிட்டு ஏறுங்க" என்றாள்.

மூன்று நாள் படகு கடலுக்குப் போகவில்லை, ஒரு மீனும் வரவில்லை. "ராத்தா, எறங்குங்க ராத்தா" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். பிறகு உஸ்தாதைக் கூட்டி வந்தார்கள்.

"படகு வீடாகாதும்மா" என்றார் அவர்.

"அப்ப வீடு குடுக்கிறது யாரு கடமை?"

"புருஷன் கடமை. வசதிக்குத் தக்க குடிவைக்கணும்னு குர்ஆன்லயே இருக்கு."

"இவரு வச்சாரா?"

"இல்ல."

"கடமை தவறுனது அவரு, தலாக் எனக்கா? சரி, பொண்ணுதான் அம்மா வீட்ட விட்டுப் போகணும்னு எந்த ஆயத்துல இருக்கு? சொல்லுங்க, இப்பவே எறங்குறேன்."

உஸ்தாது தாடியைத் தடவினார். "அது… எங்க ஊருல அப்படித்தான்."

"உங்க ஊருப் பழக்கம் கப்பலேறுனா மார்க்கம், எங்களுது மட்டும் பழக்கமா?"

எட்டுப் பேரும் பூக்கோயாவைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

"வீட்டுக்குப் போ, சாரோம்மா" என்றான்.

"யாரு வீட்டுக்கு?"

"உன் வீட்டுக்கு."

"எட்டுப் பேருக்கும் கேக்கல."

"உன் வீட்டுக்கு!"

"தலாக்கு?"

"இனி அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். உஸ்தாது சாட்சி."

பாயைச் சுருட்டி அவன் தலையில் வைத்துவிட்டு இறங்கினாள். மணலில் நின்றுகொண்டு உஸ்தாதைக் கேட்டாள்: "உங்க வீட்டம்மா அடுத்த கப்பல்ல வர்றாங்களாமே. தங்க எடம் பாத்துட்டீங்களா? இல்லன்னா சொல்லுங்க. என் வீட்டுல ஒரு அறை சும்மாதான் கெடக்கு."