என் சத்தத்தைக் குறைத்த திருவிழா

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆவணி மாதம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் நடந்தது இது.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஐஸ் கம்பனியில் வேலை. சல்லி, கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கத்து மீன்பிடி வள்ளக்காரரும் எங்களிடம்தான் ஐஸ் ஏற்றுவார்கள். யார் முதலில், யார் பிறகு என்று கத்திக் கத்தியே என் தொண்டை பழகிவிட்டது. வாய் கொஞ்சம் கூடத்தான். அதை நான் ஒளிப்பதில்லை.

கோயில் பாடகர் குழுவில் பத்து வருடமாகப் பாடுகிறேன். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது, கிட்டாரையும் அதன் சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் கோயிலுக்கே கொடுத்துவிட்டுப் போனார். நாலு தடித்த கம்பி உள்ள அந்தக் கிட்டார் அலுமாரிக்குப் பின்னால் தூசு பிடித்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வந்த பாதர், யாராவது இதைப் பழகுகிறீர்களா என்று கேட்டார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

குழுவே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான், எங்கள் குழுத்தலைவர். கீபோர்ட் வாசிப்பவர், என்னைவிட மூத்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர்.

"தங்கச்சி, அது பொம்பிளையள் தூக்கிற சாமானில்லை. பாரம்."

"அண்ணை, நான் நாள் முழுக்க ஐஸ் கட்டி இழுக்கிறனான்," என்றேன். அன்றைக்கே கிட்டாரையும் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கொண்டுவந்தாயிற்று, சொல்லித்தர யார்? ஊரில் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டேன். இருவருக்கும் நேரமில்லையாம். சரி, நீங்கள் இல்லாவிட்டால் உலகமே இல்லையா என்று போனில் தேடினேன். பேஸ் கிட்டாரைப் புதிதாகப் பழகுகிற தமிழ் ஆட்களுக்கென்றே ஒரு குழு இருந்தது. மட்டக்களப்பு, மலைநாடு, சென்னை, கனடா என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள். அங்கே இரண்டு சட்டம். ஞாயிறுதோறும் ஒரு நிமிடம் வாசித்து, பிழையோடு அப்படியே வீடியோ போட வேண்டும். போடும்போது மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் திரும்பவும் வாசிக்க வேண்டும்.

என் முதல் வீடியோவை எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஆட்டோ ஓட்டுபவர். எதையும் பகிடியாகத்தான் பார்ப்பார்.

"என்னப்பா, கை ஆடுது, சத்தத்தைக் காணேல்லை?"

உண்மைதான். போனில் டிக் டிக் என்று விரல் படுகிற சத்தம் மட்டுமே கேட்டது. வீடியோவில் விழுகிற அளவுக்கு நான் பலமாக அடிக்கவில்லை என்று நினைத்து மூன்று நாள் கம்பியோடு சண்டை பிடித்தேன். இரண்டு விரலும் கொப்பளித்துப் போயின. கடைசியில், "மன்னிக்கவும், எனக்குச் சத்தமே வருகுதில்லை" என்று எழுதி வீடியோவைப் போட்டேன். வவுனியாவில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் உடனே பதில் போட்டார்: "தங்கச்சி, போன் ஸ்பீக்கர் பேஸை விழுங்கிப்போடும். இயர்போன் போட்டுக் கேளுங்கோ. பிறகு, மன்னிப்புக் கேட்டதுக்கு இன்னொரு தரம் வாசியுங்கோ!"

இயர்போன் போட்டேன். இருந்தது. தடிப்பாக, நெஞ்சுக்குள் இடிக்கிற மாதிரி, என் சத்தம் இருந்தது. குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தக் குழுவில் யாருமே ஒரு வீடியோவையும் இயர்போன் இல்லாமல் கேட்பதில்லை. எட்டு மாதம் அவர்கள்தான் என்னை வாசிக்க வைத்தார்கள். என் முகம் நேரில் தெரியாத சனம்.

திருவிழா வந்தது. கொடியேற்றத்தன்று மாலை, என் கிட்டாரின் வயரை அண்ணைக்குப் பக்கத்தில் இருந்த, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் கொளுவினார்கள். மிக்சரும் அவர் பொறுப்புத்தான். ஸ்பீக்கர்கள் எல்லாம் சனத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எனக்குக் கேட்டது எல்லாம் கலந்த ஓர் இரைச்சல்தான். அதில் ஒரு தாழ்ந்த சத்தம் இருந்தது. அது என்னுடையது என்று நம்பினேன். மூன்றாவது பாட்டில் கை தடுமாறி, கொஞ்ச நேரம் நின்றே போனேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாதா காப்பாற்றிவிட்டா என்று நன்றி வேறு சொன்னேன்.

பூசை முடிய எல்லாரும் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், கனடாவில் தாதியாக வேலை செய்யும் போன் குழுத் தோழி குரல்பதிவு அனுப்பியிருந்தாள். கோயிலின் நேரலையைப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இயர்போன் போட்டு ரெண்டு தரம் கேட்டனான். மூண்டாவது பாட்டில உங்கட கை நிண்டு போச்சு, பேஸ் நிக்கேல்லை. அது கீபோர்ட்டில இருந்து வந்த பேஸ் சத்தம். உங்கட லைனை மூடிப்போட்டினம்."

முதலில் வெட்கம் வந்தது. அந்த வெட்கம் ஒரு கோப்பை பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. கோபம்தான் வந்தது. கையைப் பிடித்துப் பாராட்டினவர்கள் எதைக் கேட்டுப் பாராட்டினார்கள்? திருவிழா நேரம், விடப்பா என்றார் வீட்டுக்காரர். விட ஏலாது என்றேன். போன் குழுவில் எழுதினேன். பஸ் டிரைவர் சொன்னார்: "கோவத்தோட போங்கோ, ஆனா கோவத்தில வாசிக்காதேங்கோ. தாளத்தை விட்டு ஓடிப்போடுவீங்கள்."

அடுத்த நாள் பின்னேரம், செபமாலை தொடங்குவதற்கு முதலே கோயிலுக்குப் போனேன். அண்ணை கீபோர்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் லைனை மூடினீங்களோ என்று நேராகவே கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, அதை மதிக்கிறேன்.

"ஓம், நான்தான் குறைச்சனான். பிழைச்சா கோயிலுக்குத்தானே அவமானம்? நீங்கள் வாசிக்கிற மாதிரி நிண்டாலே போதும், தங்கச்சி."

"நிக்கிறதுக்கு நான் பீடத்துச் சுரூபம் இல்லை, அண்ணை."

அவருடைய மிக்சரை நான் தொடவில்லை. வெளியே போய், வீட்டுக்காரரின் ஆட்டோவில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியை இறக்கச் சொன்னேன். நேற்று விடச் சொன்னவரே அதைத் தோளில் சுமந்துகொண்டு நடுக்கோயிலால் வந்தார். பாடகர் குழுவுக்கு முன்னால், சனத்தைப் பார்த்து வைத்துக் கிட்டாரைக் கொளுவினேன். பாதர் பார்த்துவிட்டு, அங்கி போடப் போனார்.

செபமாலை முடிந்து, பூசையின் வருகைப் பாட்டு தொடங்கியது. கோயில் முழுக்க என் பேஸ் கேட்டது. கேட்டது மட்டுமா, நான் ஓடவும் தொடங்கிவிட்டேன். பஸ் டிரைவர் சொன்னது அப்படியே பலித்தது. கோபம் விரலில் இறங்கி வேகம் கூடக் கூட, பாடகர்கள் என்னோடு ஓடினார்கள், கைதட்டின சனம் ஓடியது, அண்ணையின் கீபோர்ட்டும் வேறு வழியில்லாமல் பின்னால் ஓடி வந்தது. பீடத்தை நோக்கிப் பவனியாக வந்த பாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டி நடந்தார். முன்வரிசையில் சிரிப்புச் சத்தம்.

"மெதுவா! மெதுவா!" என்று அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

எட்டு மாதத்தில் என் வாசிப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் சொல் அது. மூச்சை இழுத்து, காலால் தாளம் தட்டி, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தேன். என்ன அதிசயம், முழுக் கோயிலும் என்னோடு சேர்ந்து இறங்கி வந்தது. அன்று இன்னும் இரண்டு இடத்தில் பிழை விட்டேன். இரண்டும் நன்றாகவே கேட்டன. நான் தலை குனியவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அண்ணை என் வயரைத் தன் கையாலேயே மிக்சரில் கொளுவி, சத்தத்தைத் திறந்து வைத்தார். "ஓடாமல் வாசிக்க வேணும், விளங்கிச்சோ?" என்றார். ஓம் அண்ணை என்றேன். நவநாள் ஒன்பதும் முடிந்து, பெருநாள் பூசைக்கும் நான்தான் வாசித்தேன். இன்றைக்கும் வாசிக்கிறேன்.

துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்ற வருகிற எங்கள் கோயில் ஆட்கள், "அக்கா, பாதரை ஓட வைச்ச ஆளெல்லோ நீங்கள்" என்று இப்போதும் பகிடி பண்ணி நெளிப்பார்கள். நெளிக்கட்டும். வாசிக்கிற மாதிரி நின்ற அந்த முதல் நாளைப் பற்றி அன்றைய பாராட்டுக்குப் பிறகு இவர்களில் ஒருவர்கூட ஒரு சொல் சொன்னதில்லை என்று நினைக்கும்போது, அவர்களுடைய நெளிப்பு ஒவ்வொன்றும் எனக்குப் பாராட்டாகத்தான் கேட்கிறது.