அத்தானின் கார் நம்பர்

நம்பர் படிக்கும் கேமராவை நான் அத்தானைத் தேடுவதற்காக வாங்கவில்லை. திருட்டுக்குப் பயந்து வாங்கினேன். கிள்ளானில் எனக்கு ஒரு கார் கழுவும் கடை இருக்கிறது. எங்கள் தொழிலில் சாவி காரிலேயே இருக்கும். நுரை போடும் இடத்திலிருந்து துடைக்கும் இடத்துக்கு ஆட்கள் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே. ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், துடைத்து முடித்த காரில் தன் கார்போல ஏறி உட்கார்ந்தான். என் ஆளுக்கு டிப்ஸ் வேறு கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கார் சுபாங் ஜெயாக்காரர் ஒருவருடையது. அவர் பக்கத்துக் கடையில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்து, தன் கார் எங்கே என்று கேட்டபோது, டிப்ஸ் வாங்கிய என் ஆள் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவரிடமே நீட்டினான்.

அதற்குப் பிறகுதான் கேமரா. நுழையும் வழியில் ஒன்று, வெளியே போகும் வழியில் ஒன்று. உள்ளே வரும்போது நம்பரையும் ஓட்டுபவரின் முகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, தானாகவே வாசலைத் திறந்துவிடும். வெளியே போகும்போது அந்த முகத்தைத் திரையில் காட்டும். முகம் ஒத்துப்போனால் பொத்தானை அழுத்துவோம், தடுப்புக் கம்பம் உயரும். சேறு பூசிய நம்பரை அதற்குப் படிக்க வராது. எழுத்துகளை நெருக்கி அழகாக ஒட்டிக்கொண்டு வருகிறவர்களின் நம்பரும் வராது. ஆனால் எதிரே நின்ற லோரியில் எழுதியிருந்த டெலிபோன் நம்பரைக் கார் என்று நினைத்து, ஒரு காலை முழுக்க யாரும் இல்லாத வாசலைத் திறந்து திறந்து மூடியது. நான் கொட்டிய காசுக்கு அதுதான் முதல் வேலை.

பொருத்த வந்தவர் கிளம்பும் முன் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். தொல்லை கொடுக்கிறவர்களின் நம்பரைத் தனியாகப் போட்டு வைத்தால், அந்தக் கார் வாசலுக்கு வந்ததும் மணி அடிக்குமாம். திருடு போன காரின் நம்பரைப் போட்டேன். திருடியவன் அதே கடைக்குக் கழுவ வருவானா என்று எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்து அத்தானின் நம்பரைப் போட்டேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். கேமரா வாங்கிய அதே வருடம் பொங்கல் முடிந்த வாரம், பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ஷா ஆலத்தில் வேலை செய்யும் தொழிற்சாலைக்குக் காரில் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. கைத்தொலைபேசி அன்றோடு ஊமையாகிவிட்டது. வீட்டில் சண்டை இல்லை, கடன் இல்லை, குடி இல்லை. பிள்ளைகளும் இல்லை. போலீசில் புகார் கொடுத்தோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். வயது வந்த மனிதர், தானாகவே போயிருக்கலாம் அம்மா என்று ஒருவர் சொன்னார். அக்கா அந்தப் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை.

அவளுடைய கணக்கு வேறு. அத்தானுக்குக் கார் அழுக்காக இருந்தால் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் பழைய பனியனுமாகக் கீழே இறங்கினால், சக்கரத்துக்கு உள்பக்கம்வரை தேய்த்துவிட்டுத்தான் மேலே வருவார். சொந்த மைத்துனன் கடை வைத்திருக்கிறேன், ஒரு நாள்கூட என்னிடம் கழுவக் கொடுத்ததில்லை. என் ஆட்கள் கீறல் போட்டுவிடுவார்களாம். அந்த நம்பரும் அக்கா பார்த்துப் பார்த்து எடுத்தது. கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நொறுங்கிக் கிடக்கும் காரைப் பார்த்தால்கூட முதலில் நம்பரைக் குறித்துக்கொண்டு நாலு நம்பர் லாட்டரிக் கடைக்கு ஓடுகிற ஊர் எங்களுடையது. நம்பர் என்றால் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கேமரா வந்த கதையைக் கேட்டதும் அக்கா சொன்னாள்: "எங்க இருந்தாலும் அவரால அழுக்கு காடி ஓட்ட முடியாதுலா, தம்பி. இருக்கற எடத்துல குழாய் இல்லன்னா கழுவற கடைக்குத்தான் வந்தாகணும்."

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் கழுவும் கடை எத்தனை இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாளே அக்கா கொமுட்டர் ரயில் பிடித்து வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். திரை அவளுக்கு எதிரில். சம்பளம் தருகிறேன் என்றேன், தலையாட்டினாள். அதற்காக அவள் வரவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மணி அடிக்காமல் இருந்திருந்தால் பரவாயில்லை. அந்தக் கேமராவுக்கு எட்டும் மூன்றும் ஒன்றுதான். எவனோ ஒருவனின் காரைப் பார்த்துவிட்டு மணி அடிக்கும். அக்கா பாதி எண்ணிய சில்லறையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போவாள். போகும்போது முடியை ஒதுக்கிக்கொள்வாள். அந்த ஒன்றைத்தான் என்னால் பார்க்க முடியாது. திரும்பி வந்து, "வேற நம்பர்" என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணுவாள். அந்த நம்பரை அழித்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். கை வரவில்லை.

அந்த வருடத் தீபாவளி சமயத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். அடையாளம் தெரியாத உடல் ஒன்று, அத்தான் வயதுதான் இருக்கும். நான் மட்டும் போகிறேன் என்றேன், அக்கா கேட்கவில்லை. கூடவே வந்தாள். துணியை விலக்கினார்கள். யாரோ ஒரு பாவம். அக்கா அந்த முகத்தைத் தேவைக்கு மேல் நின்று பார்த்தாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த வருடம் இரண்டு வீட்டிலும் தீபாவளி இல்லை. சொந்தக்காரர்கள் தாலியைப் பற்றி ஜாடைமாடையாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறந்தால் உறவு அறுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தீபாவளிக்கு முந்தைய வாரம் கடையில் நெரிசல். ரோடு வரை வரிசை நின்றது. மணி அடித்தது. நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. அக்கா வழக்கம்போல எழுந்து போனாள். ஆனால் திரும்பி வரவில்லை. பார்த்தால், பாதி வழியில் அசையாமல் நிற்கிறாள். அவளுக்கு எதிரே அத்தானின் கார். அதே நீலம், முன் பம்பரில் அதே நெளிவு. கையிலிருந்த குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒரு இளைஞன், பக்கத்தில் மனைவி, பின்னால் குழந்தை இருக்கை.

அவன் மேல் தப்பு ஒன்றும் இல்லை. ஷா ஆலத்தில் பழைய கார் விற்கும் கடையில் போன வருடம் எடுத்தானாம். நான் கேட்ட கேள்விகளில் பயந்துபோய், திருட்டு வண்டியா அண்ணே என்று கேட்டான். அவனே அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். கடைக்காரர் தமிழர். எல்லாம் சட்டப்படி நடந்த வியாபாரம் என்று அடித்துச் சொன்னார். பழைய சொந்தக்காரரே நேரில் வந்து, பெயர் மாற்றும் கவுண்டரில் பெருவிரலை வைத்துவிட்டுத்தான் போனாராம். எப்போது என்று கேட்டேன். போன தீபாவளி சமயம், தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். ஏன் ஞாபகம் என்பதையும் அவரே சொன்னார்:

"பளபளன்னு கழுவித் தொடச்சு கொண்டாந்தாருங்க. சக்கரத்துக்கு உள்ளகூட அழுக்கு இல்ல. எங்களுக்கு ஒரு வேலையும் வைக்கல."

நாங்கள் ஆஸ்பத்திரியில் நின்ற அதே சமயம். அத்தான் எங்கேயோ வாளியும் துணியுமாகக் குனிந்து சக்கரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஆள் அந்த நிமிடம் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. இன்றும் தெரியாது. அத்தான் எங்கே போனார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. அத்தான் கொடுத்திருந்த டெலிபோன் நம்பர் எங்களிடம் இருந்த அதே ஊமை நம்பர்தான்.

அக்கா கல்லாவுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஆட்கள் அந்தக் காரையும் மற்றக் கார்களைப்போலவே கழுவினார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் காத்திருந்தாள். காசு கொடுக்க வந்தபோது இளைஞன், சங்கடத்தைப் போக்க நினைத்தானோ என்னவோ, மெம்பர் ஆக முடியுமா என்று கேட்டான். எங்கள் கடையில் கார் நம்பரை வைத்துத்தான் மெம்பர். ஐந்து முறை கழுவினால் ஆறாவது இலவசம். ஒரு நம்பர் இரண்டு பட்டியலில் இருக்க முடியாது. மணி அடிக்கும் பட்டியலிலிருந்து எடுத்தால்தான் மெம்பரில் போட முடியும்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"மாத்து தம்பி" என்றாள்.

சாயங்காலம் அவளைக் கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிடப் போனேன். கார் நின்ற பிறகும் அவள் இறங்கவில்லை. நேராக முன்னால் பார்த்தபடி பேசினாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"பாதி தூரத்துலயே தெரிஞ்சு போச்சுடா. காடி அவ்ளோ அழுக்கா இருந்துச்சு."

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"செத்திருந்தா கருமாதியாச்சும் செஞ்சிருப்பேன்லா. இதுக்கு என்ன செய்யறது, சொல்லு."

அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் காலை அதே ரயிலில் வந்தாள். ஏன் வருகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு எங்கே போவாள்?

அந்த இளைஞன் இப்போது வாடிக்கைக்காரன். மாதம் ஒருமுறையோ இருமுறையோ வருவான். பின் இருக்கை முழுக்கப் பிஸ்கட் தூள், சக்கரம் முழுக்கச் சேறு. மணி அடிக்காது. திரையில் பச்சை எழுத்தில் நல்வரவு என்று மட்டும் வரும், கம்பம் தானாக உயரும். அக்கா அந்த நம்பரைப் பார்ப்பாள், ரசீதைக் கிழித்துக் கொடுப்பாள், அடுத்த காருக்குப் போவாள். தாலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. கழற்றவும் காரணம் இல்லை, போட்டிருக்கவும் காரணம் இல்லை. போன வாரம் அந்தக் காருக்கு ஆறாவது முறை. இலவசம் என்று அவனுக்கு நினைவில்லை, காசை நீட்டினான். வேண்டாம் தம்பி என்று அக்காதான் திருப்பிக் கொடுத்தாள்.