அண்ணனின் வலது கால்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மை செய்கிறவர்களை ஊருக்குத் தெரியும். ஃபியூஸ் கட்டை செய்கிறவர்களையும் கொஞ்சம் தெரியும். மண் தொட்டியில் நிற்கிறவர்களை யாருக்கும் தெரியாது. என் அண்ணன் காத்தவராயன் மண் தொட்டிக்காரர்.

களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, சலித்து, பெரிய தொட்டியில் தெளிய விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் வெயிலில் மேலே ஆடை கட்டும். அது அடிவரைக்கும் இறுகிவிட்டதா, மேலே மட்டும்தான் காய்ந்திருக்கிறதா என்று பார்வையால் சொல்ல முடியாது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை அதன்மேல் வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். "வெட்டலாம்" என்பார், அல்லது "நாளைக்கு" என்பார். அவர் சொன்ன பிறகுதான் மண்வெட்டி இறங்கும். பட்டறை முதலாளிகூட அவர் காலைப் பார்த்துத்தான் ஆள் கூப்பிடுவார்.

"மச்சான் கால்ல தராசு வச்சிருக்கான்டா" என்பார் திருமால். அண்ணனோடு மண் சுமக்கிறவர், சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் அவர்கள் இருவரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

2007 தீபாவளி கழிந்த ஒரு சாயங்காலம் அண்ணி வளர்மதி வாசலிலிருந்து அடுப்படிவரை சிமெண்ட் தரையில் ரத்தச் சொட்டுகளைப் பார்த்தாள். பூனை எதையோ கடித்து இழுத்து வந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். சொட்டுகளைத் தொடர்ந்து போனால் அண்ணன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் கழற்றாமலே வந்த செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஏறியிருந்தது.

"ஏங்க, கால்ல ஆணிங்க!"

"எந்தக் கால்ல?" என்று கேட்டாராம்.

அவள் எனக்கு ஆள் அனுப்பினாள். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஜங்ஷன் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து வந்தேன். மறுநாள் நானே ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். கால் உணர்ச்சி குறைந்துவிட்டது, இனி வெறுங்காலோடு எங்கேயும் நடக்கக்கூடாது என்றார்.

வீடு திரும்பும் வழியில் அண்ணன் கேட்டார்: "செருப்பு போட்டுக்கிட்டு தொட்டில எறங்கச் சொல்றியா பாப்பா?"

"எறங்கவே வேணாம்ண்ணே."

"மிதிச்சு சொல்லலன்னா என்னை எதுக்கு அங்க வச்சிருக்கப் போறாங்க? மண்ணு சொமக்க ஆளா இல்ல?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "பட்டறையில யாருக்கும் தெரிய வேண்டாம். திருமாலுக்கும்தான்" என்றார்.

அதன் பிறகும் அவர் மிதித்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். காலில் ஏறாத செய்தியைக் கண்ணால் பார்த்து ஈடுகட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். பிளவு எவ்வளவு அகலம், ஆடை என்ன நிறம், அப்படி. அதுவரை தப்பாமல் போனது.

பொங்கல் முடிந்து பட்டறை ஆட்கள் வேன் பிடித்துக் கோடியக்கரைக்குக் கிளம்பினார்கள். சரணாலயத்தில் மான் பார்க்கலாம், ராமர் பாதம் கும்பிடலாம், கடலில் குளிக்கலாம் என்று திட்டம். அண்ணி என்னையும் வரச் சொன்னாள். "நீ வந்தா நீ சொல்றத கேப்பாரு" என்றாள்.

நாகப்பட்டினம் தாண்டும்போது ரோட்டோரம் சுனாமியில் வீடு போனவர்களுக்குக் கட்டிய வீடுகள் ஒரே மாதிரி வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அதுவரை பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டு வந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார்கள். டிரைவர் அர்ச்சுனன் தானாகவே பாட்டை நிறுத்தினார்.

கோடியக்கரைக் கடற்கரையில் சுண்டல் விற்கிறவர்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் ஒதுங்கிய கட்டைகளும்தான். ஒரு பெரிய ஆமை செத்துக் கிடந்தது. அதன் கண்கள் இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்தது. இரண்டு நாய்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, நாங்கள் போவதற்காகக் காத்திருந்தன.

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஒருவர் காட்டிய இடத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது.

"இத்தன காலம் நின்னது சுனாமி அன்னிக்கு ஒரே காலையில போச்சாம் மச்சான்" என்றார் திருமால்.

அண்ணன் ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "கல்லு நல்லா வெந்திருக்குது. அடிமண்ணு போயிருக்கும்."

ராமர் பாதத்துக்கு உச்சிவேளையில் போனோம். சின்ன மேடு, மேலே மண்டபம். செருப்பைக் கீழே விட்டு ஏறினோம். தை மாதம்தான், ஆனாலும் தரை தகித்தது. பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். திருமால் ஒற்றைக் காலில் குதித்தார். அண்ணன் மட்டும் வெயிலில் நின்று தூரத்துக் காட்டைச் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க, இதாங்க காலு! நமக்கெல்லாம் இருக்கறது வெறும் கட்ட" என்று திருமால் கத்த, எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணனும் சிரித்தார். அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"நெழலுக்கு வாங்க" என்றாள் அவரிடம்.

"ஏன், நல்லாத்தான இருக்குது?" என்றார்.

திரும்பும் வழியில் சதுப்பு நிலத்தை ஒட்டிய ரோட்டில் வேன் நின்றது. தூரத்தில் தண்ணீர் விளிம்பில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. ரோட்டுக்கும் அவற்றுக்கும் நடுவில் வெள்ளையும் சாம்பலுமாகக் காய்ந்த தரை, உள்ளங்கை அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பார்த்ததும் எனக்கே எங்கள் ஊர்த் தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

"ரோட்ட விட்டு எறங்க வேணாம்னு கேட்ல சொன்னாங்க" என்றார் அர்ச்சுனன்.

"அது உனக்கும் எனக்கும்பா. எங்காளுக்கு இல்ல" என்றார் திருமால். "இன்னா மச்சான், தராசு ஊரு வுட்டு ஊரு வந்தா வேல செய்யாதா?"

அண்ணன் செருப்பைக் கழற்றினார். ஓரத்தில் வலது காலை வைத்து, பட்டறையில் நிற்பது போலவே நின்றார். "மூணாம் நாள் மண்ணு. ஆள் தாங்கும்."

நான் பக்கத்தில் போனேன். "அண்ணே, வேணாம். வண்டியில ஏறுங்க."

"எல்லாரும் பாக்கறாங்க பாப்பா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு நடக்க ஆரம்பித்தார்.

முதலில் தடமே விழவில்லை. அப்புறம் விரல்களின் அச்சு மட்டும் விழுந்தது. பிறகு முழுப் பாதம். அதற்கும் அப்பால் விழுந்த ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் ஊறிப் பளபளத்தது. மேலே உப்பு இறுகியிருந்தது, அவ்வளவுதான். அவர் கால் சொல்லியிருக்க வேண்டியதை ரோட்டில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திருமாலின் சிரிப்பு நின்றது. "மச்சான், போதும். திரும்பு!"

"கெட்டியாத்தான்டா இருக்குது!" என்று திரும்பிக் கத்தினார் அண்ணன். அவர் முழங்காலுக்குக் கீழே பாதி சேற்றுக்குள் இருந்தது.

பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பின. அண்ணன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இழுக்கப் பார்த்தார், தொடைவரை இறங்கிவிட்டார். காற்று திசை மாறி, மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று சத்தமில்லாமல் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அண்ணி முந்தானையை வீசிக்கொண்டு பக்கத்து உப்பளத்தை நோக்கி ஓடினாள்.

உப்பளத்து ஆட்கள் பலகைகளும் கயிறும் கொண்டு ஓடி வந்தார்கள். "மல்லாந்து படு, மல்லாந்து படு" என்று அதட்டினார்கள். கக்கத்தில் கயிறு போட்டுப் பலகைமேல் இழுத்துக் கரை சேர்த்தார்கள். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். ஒரு அம்மாள் குடத்துத் தண்ணீரை அவர் கால்களில் ஊற்றினாள். சேறு வழிந்தது. பிறகு சேறு சிவப்பாக வழிந்தது. சேற்றுக்குள் கிடந்த சிப்பி ஏதோ வலது உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து குறுக்கே திறந்து விட்டிருந்தது.

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்: "யாருக்கு அடி?"

திருமால் என்னைப் பார்த்தார். நான் சர்க்கரையையும் உணர்ச்சி போன காலையும் சொன்னேன். வேதாரண்யத்தில் கட்டுப்போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

புண் ஆறவில்லை. சிவராத்திரிக்குள் விரல்கள் கறுத்துவிட்டன. கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்ததைத் துணியில் சுற்றி, கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள் என்று எங்களிடம் கொடுத்தார்கள். நான் கை நீட்டினேன். திருமால் வாங்கிக்கொண்டார். மடியிலேயே வைத்துக்கொண்டு காரில் விருத்தாசலம் வந்து, மணிமுத்தாற்றங்கரையில் எங்கள் ஆட்களைப் புதைக்கிற இடத்தில் குழி வெட்டினார்.

அண்ணன் வீடு திரும்பியதும் அதைத்தான் கேட்டார். "எங்கடா வச்ச?"

"வேலிக்காத்தான் மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்குமே, அதும் பக்கத்துல."

"மேல எடம் வுட்டியா? நான் படுக்கணுமில்ல?"

"உன் நீளம் எனக்குத் தெரியாதா மச்சான்" என்று சிரித்துவிட்டு, திருமால் எழுந்து வெளியே போனார்.

பட்டறையில் வேறொருவர் தொட்டிக்கு வந்தார். அவர் குச்சி விட்டுப் பார்க்கிறாராம். ஐப்பசியில் அண்ணனின் இடது காலிலும் ஒரு கொப்புளம் வந்தது. எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது.

கார்த்திகையில் பெரும் மழை. ஆறு இரு கரையும் புரண்டு ஓடியது. வெள்ளம் வடிந்து சில நாளில், இடது கால் கொப்புளமும் ஆறாமல், அண்ணன் போய்விட்டார்.

காலோடு சேர்த்துத்தான் படுக்க வைக்க வேண்டும் என்றாள் அண்ணி. வேறெதுவும் அவள் கேட்கவில்லை. திருமால் கடப்பாரையோடு முன்னால் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரையே வேறாக இருந்தது. மரம் இல்லை. அது சாய்ந்து கிடந்த மேடும் இல்லை. புது மணல் வழவழவென்று பரந்து கிடந்தது. திருமால் நாலைந்து இடங்களில் தோண்டியிருந்தார். எல்லாக் குழியிலும் தண்ணீர் ஊறியிருந்தது.

"ஆறு கொண்டுபோயிருக்கும்யா" என்றார் வெட்டியான். "இந்நேரம் வெள்ளாத்துல சேந்து பரங்கிப்பேட்ட போயி, கடலுக்கே போயிருக்கும்."

திருமால் அதன் பிறகும் ஒரு குழி தோண்டினார். அப்புறம் கடப்பாரையைப் போட்டுவிட்டார். அண்ணனை அப்படியே வைத்து மூடினோம்.

எல்லோரும் குளிக்கப் படித்துறைக்கு நடந்த பிறகும் திருமால் வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணனை மூடிய மண் மேட்டின் ஓரத்தில் வலது காலை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"மண்ணு இன்னும் எறங்கும் பாப்பா" என்றார்.