தளவாய்க்கு ஒரு பிரேம்

முக்கூடல் கடைத்தெருவில் படங்களுக்கு பிரேம் போடும் தாஜ் முகம்மது, போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு ‘ஆள் இருக்கிறாரா, இல்லையா’ என்று கேட்பதில்லை. ஒருமுறை அப்படிக் கேட்கப்போய், “நான்தாம்வே அது” என்று போட்டோவில் இருந்தவரே பதில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் கேட்பது ஒன்றுதான்: “லைட்டு வைக்கணுமா?”

வைக்கணும் என்றால் செத்தவர். அகலமான கறுப்பு பிரேம், உச்சியில் சிவப்பு பல்பு, மாலை தொங்கவிட இரண்டு கொக்கி, அடியில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். வேண்டாம் என்றால் இருப்பவர். அவருக்குப் பழுப்போ தங்க நிறமோ, வீட்டுக் கதவின் நிறத்தைப் பார்த்து. இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொன்னதில்லை.

சுடலைவடிவு யோசித்தாள். ஆணியில் தொங்கிய மாதிரிச் சட்டங்களில் ஒன்றை எடுத்து, கணவன் தளவாயின் போட்டோ ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். பழுப்பு, உள்ளே மெல்லிய தங்கக் கோடு. நன்றாகத்தான் இருந்தது. பிறகு கறுப்பை வைத்துப் பார்த்தாள். அதுவும் பொருந்தியது. அதுதான் தொந்தரவு.

“எங்க அண்ணன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

புருஷன் இருப்பதும் இல்லாததும் அண்ணனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சேதியா என்று தாஜ் முகம்மது கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

தளவாய் மைக் செட் வைத்திருந்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மணிமுத்தாறு பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனார். நான்காம் நாள் குழாய் ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிபயரும் சீரியல் விளக்குகளும் வேனில் திரும்பி வந்தன. ஒரு சுருள் ஒயர்கூடக் குறையவில்லை. தளவாய் மட்டும் வரவில்லை. திருப்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பாலக்காட்டில் பார்த்ததாக இன்னொருவர். ஒரே மாதத்தில் இரண்டு ஊரிலும் பார்த்தவரும் உண்டு. ரேஷன் கார்டில் அவர் பெயர் இருக்கிறது. வாக்காளர் பட்டியலிலும் இருக்கிறது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் ஓட்டுப் போட வராத சோம்பேறி, அவ்வளவுதான்.

சுடலைவடிவு பீடி சுற்றி மகளைப் படிக்க வைத்தாள். முன்னறைக்குக் காங்கிரீட் போட்டாள். தினமும் குளித்ததும் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நம்பிக்கையோடு காத்திருக்கிறாள் என்று யாராவது சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். பொட்டை எடுப்பதற்கு ஒரு சேதி வரவேண்டும். வரவில்லை. அதனால் வைத்தாள்.

மகள் தேன்மொழிக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். போன தையில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னறைச் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். படங்களில் சுடலைவடிவின் மாமனாரும் மாமியாரும் பல்பு எரிய இருந்தார்கள். தேன்மொழி கறுப்பு அங்கியோடு பட்டச் சுருளைப் பிடித்திருந்தாள். பெண்ணின் அப்பா மாலையோடும் இல்லை, மாலை இல்லாமலும் இல்லை. கேட்டார்கள். உள்ளதைச் சொன்னாள். போய்ச் சொல்லுகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை திசையன்விளையிலிருந்து அடுத்த இடம் வருகிறது. இதுவும் போனால் தேன்மொழிக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்பது சுடலைவடிவின் அண்ணன் செந்தூர்பாண்டியின் தீர்ப்பு. சுவரில் ஆள் இருக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான்.

பிரேம் கடையிலிருந்தே சுடலைவடிவு போன் செய்தபோது அவர் தயங்கவே இல்லை. “லைட்டு வச்சிரு. செத்தவருன்னா ஒரு கேள்வியோட முடிஞ்சிரும். காணாமப் போனவருன்னா தோண்டிக்கிட்டே இருப்பாவ.”

“தேதி கேக்காவளே.”

“கொரோனாவுல போட்டுரு. யாரும் எப்படின்னு கேக்க மாட்டாவ.”

சுடலைவடிவு பழுப்புச் சட்டத்தை ஆணியில் திரும்ப மாட்டினாள். லைட்டு வைக்கச் சொன்னாள். தாஜ் முகம்மதுவின் பார்வை அவள் நெற்றியில் ஒரு கணம் நின்றது. பிறகு அளவு நாடாவை எடுத்தார்.

ஞாயிறு காலை செந்தூர்பாண்டி ஸ்டூலில் ஏறி மைத்துனரை மாட்டினார். சந்தன மாலை அவரே வாங்கி வந்திருந்தார். உயிரோடு இருந்தபோது மைத்துனருக்கு ஒரு துண்டுகூடப் போட்டதில்லை. தேன்மொழி, உள்ளே போய்ப் புடவை மாற்றும்வரை அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி, யார் கொள்ளி வைத்தது எல்லாம் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் யோசித்திருந்தார். சுடலைவடிவும் யோசிக்கவில்லை. கை தன் பழக்கத்தில் காலையிலேயே அந்த வேலையை முடித்திருந்தது.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை பெயர் மகாராஜா. ஆட்சி முழுக்க அவன் தாயார் சிவகனியிடம். திசையன்விளையில் மளிகைக்கடை நடத்துகிற கைம்பெண். நல்ல காரியத்துக்கு முன்னால் போகாதே என்று அவளிடம் சொல்லும் தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். பல்பைப் பார்த்தாள். தேதியை வாசித்தாள். பிறகு சுடலைவடிவின் நெற்றியைப் பார்த்தாள். அப்படியே கழுத்துக்கு இறங்கினாள். மஞ்சள் கயிறு, புதுசாக மஞ்சள் பூசியது.

செந்தூர்பாண்டிக்கு அப்போதுதான் கண் திறந்தது. தங்கையின் முகத்தை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். அடுத்த நிமிஷம் சீர்திருத்தவாதி ஆனார். காலம் மாறிவிட்டது, பொட்டு என்பது பெண்ணுக்குப் பிறப்பிலேயே உள்ளது, எங்கள் வீட்டில் அந்தப் பழைய வழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டோம் என்று அவர் பேசியதைக் கேட்டால் எந்த மேடையிலும் கைதட்டியிருப்பார்கள். கணவனை இழந்த சொந்தச் சித்தியை மகனின் கல்யாணத்தில் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தவர் அவர். வெறும் நெற்றியோடு எதிரில் இருந்த சிவகனி, அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

“அண்ணாச்சி, நான் உங்களைக் கேக்கல” என்றாள். “மதினி சொல்லட்டும்.”

சுடலைவடிவு போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள். அறை வாசலில் தேன்மொழி காபித் தட்டோடு நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன வருஷம்தான் பெரியவர்கள் பேசிப் பொட்டைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள் என்று ஒரு சின்னப் பொய். அண்ணன் கண்ணால் அதைத்தான் கெஞ்சினார்.

சுடலைவடிவு எழுந்து போய் படத்து பல்பின் சுவிட்சை அணைத்தாள்.

“தேதி பொய், மதினி. கொடைக்குப் போனாவ, வரல. பன்னெண்டு வருசமாச்சு. இருக்காவளா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

செந்தூர்பாண்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். சிவகனி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடையில் மூட்டை இறக்குகிறவனிடம் எடையை விசாரிக்கிற தொனியில் கேட்டாள்.

“நாளைக்கே வந்து நின்னாருன்னா எங்கன இருப்பாரு? எம்மவன் தலையிலயா?”

இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வருஷமாக யாரும் கேட்டதில்லை. எங்கே போனார், ஏன் போனார், யாரோடு போனார் என்றுதான் கேட்டார்கள். சுடலைவடிவே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்ததுபோல வந்தது.

“இந்தப் படி ஏற விடமாட்டேன்.”

“அப்பம் செத்தவருன்னே வச்சிக்கிடலாம்லா?”

“அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன் மதினி. செத்தாத்தான் செத்தவரு.”

ரெண்டும் எப்படிளா சேரும் என்று செந்தூர்பாண்டி முணுமுணுத்தார். யாரும் அவருக்கு விளக்கவில்லை. மகாராஜா வாயைத் திறக்கப்போய் தாயாரைப் பார்த்து மூடிக்கொண்டான்.

சிவகனி எழுந்தாள். அவளோடு வந்தவர்களும் எழுந்தார்கள். கேசரியும் மிக்சரும் வைத்த தட்டுகள் தொடாமல் இருந்தன. சம்மதம் என்று ஆகாத வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம், தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். செந்தூர்பாண்டி வழியனுப்ப வாசலுக்கு நகர்ந்துவிட்டார். சுடலைவடிவு மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

சிவகனி வாசல் பக்கம் போகவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் பார்த்தாள்.

“கை கழுவத் தண்ணி எங்கன இருக்கு?”

தேன்மொழி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செம்பை எடுக்க ஓடினாள்.